சந்தைக்கு விளைவிக்கும் நகர்ப்புற உழவர் பயிற்சி: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

மாடியிலோ, வீட்டின் பின்புறத்திலோ, குத்தகைக்கு எடுத்த வெற்று மனையிலோ இயற்கை முறையில் காய்கறி விளைவித்து விற்க முனைவோருக்குப் பயிற்சி அளிப்பவர்களுக்காக இது எழுதப்பட்டுள்ளது. வகுப்புகள் முடிந்து, அவரவர் இடத்தில் முதல் பருவம் தொடங்கியதும் வருகின்ற புகார்கள் பெரும்பாலும் ஒரே வகையானவை. அறிகுறியைத் தேடி எடுத்து, அதன் கீழுள்ள காரணங்களை எழுதியிருக்கும் வரிசையிலேயே சோதியுங்கள்; செலவில்லாதது முன்னும் செலவு மிகுந்தது பின்னுமாக அவை அடுக்கப்பட்டுள்ளன. "செடிக்கு நோய்" என்று வருகின்ற புகார்களில் பெரும்பகுதி நீர், உரம், நிழல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றின் கோளாறாகவே முடிகின்றது. ஆகவே மருந்துக் குப்பியைத் திறப்பது இங்கே எந்தத் தலைப்பின் கீழும் முதல் வேலையாக வராது.

## எந்த அறிகுறியானாலும் முதலில்: ஒருவருக்கா, அணி முழுவதற்குமா?

தனியாகப் பயிரிடுபவருக்கு இல்லாத வசதி ஒன்று பயிற்சி அணிக்கு உண்டு. ஒரே விதையையும் ஒரே உரத்தையும் ஒரே பாடத்தையும் பெற்ற பலர், வெவ்வேறு இடங்களில் ஒரே காலத்தில் பயிரிடுகின்றார்கள். எனவே ஒருவரிடமிருந்து புகார் வந்ததும், அவருடைய செடியைப் பார்க்கும் முன்பே மற்றவர்களை விசாரித்துவிடுங்கள்.

அதே உரச் சாக்கிலிருந்து அல்லது அதே விதைப் பொட்டலத்திலிருந்து எடுத்துச் சென்ற அனைவருக்கும் அதே அறிகுறி தெரிந்தால், பிழை பொதுவான இடுபொருளில் இருக்கின்றது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே வைத்தியம் சொல்லிக்கொண்டிருக்காமல், மீதமுள்ள சாக்கை அன்றே ஒதுக்கி வையுங்கள். ஒருவருக்கு மட்டும் தெரிந்தால் அவருடைய நீர், வெயில், தொட்டி, கைப்பழக்கம் ஆகியவற்றைப் பாருங்கள். அந்த ஒருவரின் இடத்திலும் எல்லாப் பயிர்களும் ஒருசேரக் குன்றினால் நீரையோ மண்ணையோ ஐயுறலாம். ஒரே ஒரு பயிர் மட்டும் குன்றினால் பூச்சியையோ நோயையோ ஐயுறலாம்.

நேரில் போக இயலாதபோது மூன்று படங்களைக் கேட்டு வாங்குங்கள்: முழுச் செடி, ஓர் இலையின் அடிப்புறம், தொட்டியின் அடியிலுள்ள வடிகால் துளை. மூன்றாவது படத்தை யாரும் தாமாக அனுப்புவதில்லை. விடை பலமுறை அங்கேதான் இருக்கின்றது.

## விதை முளைக்கவில்லை, அல்லது முளைத்த நாற்று சாய்ந்துவிடுகின்றது

### முளைக்கவே இல்லை

விதைத்த இடத்தை விரலால் கிளறி, விதையை வெளியே எடுத்துப் பாருங்கள். விதை உலர்ந்து கெட்டியாக இருந்தால் ஈரம் போதவில்லை. உப்பி, அழுத்தினால் கூழாகப் பிதுங்கினால் ஈரம் மிஞ்சிவிட்டது. விதையையே காணவில்லையென்றால் எறும்போ பறவையோ கொண்டுபோயிருக்கும். விதை நல்ல நிலையில் இருந்தும் முளைக்கவில்லையென்றால் ஆழத்தைப் பாருங்கள். விதையின் பருமனைப் போல் இரண்டு அல்லது மூன்று மடங்கு ஆழம் போதும், கீரை விதை போன்ற பொடி விதைகளுக்கு மேலே தூவிய மெல்லிய படலமே போதும். சாலட் கீரையான லெட்யூஸ் விதையானால் மண்ணின் வெப்பத்தையும் பாருங்கள்; ஏறத்தாழ 30 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அது முளைக்காமல் உறங்கிவிடும், நிழலில் குளிர்ந்த இடத்தில் நாற்றுத் தட்டை வைத்தால் எழுந்துவிடும்.

இவை எதுவும் காரணமில்லையென்றால் விதையைச் சோதியுங்கள். 20 விதைகளை ஈரத்துணியில் சுற்றி, துணி உலராமல் அந்தப் பயிர் முளைக்கும் காலம் வரை வைத்திருங்கள். பாதிக்கும் குறைவாக முளைத்தால் அந்தப் பொட்டலத்தை விற்பனைப் பயிருக்குப் பயன்படுத்தாதீர்கள். வெங்காய விதை ஓராண்டு கடந்தாலே வீரியம் குன்றத் தொடங்குவது. போன பருவத்து மிச்சத்தை அணிக்குப் பகிர்ந்து தரும் பழக்கம் இருந்தால் இங்கேதான் அது வெளிப்படும்.

### முளைத்து ஓரிரு நாளில் சாய்கின்றது

சாய்ந்த நாற்றின் தண்டு மண்மட்டத்தில் நீர் கோத்து, நூலாக இளைத்திருந்தால் அது நாற்றழுகல். அந்த நாற்றைக் காப்பாற்ற வழியில்லை. அடுத்த தட்டைத்தான் காக்க வேண்டும். நெருக்கி விதைத்ததா, மாலையில் மேலிருந்து நீர் தெளித்து இரவு முழுவதும் ஈரமாக விட்டதா, பழைய தட்டைக் கழுவாமல் பயன்படுத்தியதா என்று இந்த வரிசையில் கேளுங்கள். குழித்தட்டைச் சோப்புநீரில் கழுவி வெயிலில் காய வைத்து, குழிக்கு ஒரு விதை இட்டு, தட்டின் அடியில் நீர் ஊற்றி மண் உறிஞ்ச விட்டால் பெரும்பாலும் அடுத்த சுற்று தப்பிவிடும். தண்டு இளைக்காமல் கடித்ததுபோல் அறுந்து கிடந்தால் அது வெட்டுப்புழுவின் வேலை. இரவில் விளக்கோடு தேடிக் கையால் பொறுக்குவதே மலிவான மருந்து. தண்டு நீண்டு வெளிறித் தலை கனத்துச் சாய்ந்தால் வெளிச்சம் போதவில்லை, அவ்வளவுதான்.

## இலை மஞ்சளாகின்றது

எந்த இலை என்று கேட்காமல் எதையும் சொல்லாதீர்கள். அடியிலைக்கும் நுனியிலைக்கும் காரணங்கள் வேறு, தீர்வுகளும் வேறு.

### மண் ஈரமாக இருந்தும் செடி முழுவதும் மஞ்சளாகித் துவள்கின்றது

இது நீர் மிகுதி. துவண்ட செடியைக் கண்டதும் இன்னும் கொஞ்சம் ஊற்றுவது இயல்பான கை. அந்தக் கையைத் தடுப்பதே இங்கே முதல் சிகிச்சை. விரலை இரண்டு கணு ஆழம் மண்ணுக்குள் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வடிகால் துளை அடைபட்டிருக்கின்றதா, தொட்டியின் அடித்தட்டில் நீர் தேங்கியிருக்கின்றதா என்று பார்த்துச் சரிசெய்யுங்கள். அப்படியும் தேறவில்லையென்றால் செடியைத் தொட்டியோடு கவிழ்த்து வேரைப் பாருங்கள்: வெள்ளை வேர் நலம், பழுப்பு நிறமாகி, இழுத்தால் மேல்தோல் கழன்று நடுநரம்பு மட்டும் கையோடு வரும் வேர் அழுகியது. அழுகல் பாதிக்கு மேலென்றால் செடியைப் பிடுங்கிவிட்டு, கலவையில் தென்னை நார்க்கழிவின் பங்கைக் குறைத்து, மணலோ நெல் உமியோ சேர்த்துப் புதிதாக நடுவதே இலாபம்.

### அடியிலைகள் சீராக மஞ்சளாகின்றன

தழைச்சத்து (நைட்ரஜன்) குறைவு. இதற்கு முதல் காரணம் உரம் போடாதது என்று எல்லோரும் எண்ணுவார்கள். நகர்ப்புறப் பயிற்சி அணிகளில் அதைவிட மிகுதியாகக் காண்பது மக்காத உரத்தைப் போட்டது. அரைகுறையாக மக்கிய குப்பையும் மரத்தூளும் மண்ணிலிருக்கும் தழைச்சத்தைத் தாமே பிடித்துக்கொண்டு செடியைப் பட்டினி போடும். உரம் போட்ட பிறகே மஞ்சள் தொடங்கியது, ஒரே சாக்கிலிருந்து வாங்கிய எல்லோருக்கும் தொடங்கியது என்றால் ஐயமே வேண்டாம்.

உரம் முதிர்ந்ததா என்று பார்க்க ஆய்வகம் தேவையில்லை. கைப்பிடி உரத்தைப் பிழிந்த துணியின் அளவுக்கு ஈரமாக்கி, காற்றுப் புகாத பையில் கட்டி, ஒரு வாரம் நிழலில் வையுங்கள். பையைத் திறந்ததும் மழை பெய்த மண்ணின் வாசம் வந்தால் உரம் தயார். புளித்த நெடியோ மூக்கைத் துளைக்கும் அம்மோனியா நெடியோ வந்தால் அது மேலும் சில வாரங்கள் குவியலிலேயே கிடக்க வேண்டும். ஏற்கெனவே பாத்தியில் கலந்துவிட்டவர்கள், கரைத்து வடிகட்டிய புண்ணாக்கு நீரையோ நீர்த்த மீன் அமிலத்தையோ வாரம் ஒருமுறை வேரில் ஊற்றி, அந்தப் பாத்தியில் பயறு வகைகளை முதலில் எடுக்கலாம். ஒருவருக்கு மட்டும், அதுவும் பருவத்தின் பிற்பகுதியில் இது வந்தால், உரம் உண்மையிலேயே தீர்ந்துவிட்டது அல்லது தொட்டி வேரால் நிரம்பிவிட்டது என்று கொள்ளலாம்.

### நுனியிலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கின்றது

இரும்புச்சத்து மண்ணில் இருந்தும் செடியால் எடுக்க முடியாத நிலை. மண் காரமாகிவிட்டதே வழக்கமான காரணம். மலிவான சோதனைத் தாளில், மண்ணின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 7.5-ஐத் தாண்டியிருந்தால் கட்டட இடிபாடும் சிமெண்டுத் துகளும் மண்ணில் கலந்திருக்கின்றனவா என்று தோண்டிப் பாருங்கள். வெற்று மனைகளில் இது சாதாரணம். சாம்பல் போடும் பழக்கத்தை நிறுத்துங்கள். மக்கிய உரத்தை மிகுதியாகச் சேர்த்தும் ஒரு பருவத்துக்குப் பிறகு மாறவில்லையென்றால் மண் பரிசோதனைக்கு அனுப்பி, அவர்கள் சொல்லும் அளவில் மட்டும் கந்தகம் இடுங்கள். இதே அறிகுறி நுனியில் இல்லாமல் முதிர்ந்த இலைகளில் தோன்றினால் அது மெக்னீசியக் குறைவு.

### இலை விளிம்பு கருகுகின்றது, மண்மேல் வெள்ளைப் படிவு

உப்பு. இயற்கை உரத்தை எவ்வளவு போட்டாலும் கெடுதல் இல்லை என்ற நம்பிக்கையே இதன் தாய். கலவையில் மண்புழு உரம் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியிருந்தாலோ, கோழி எருவை மக்க வைக்காமல் இட்டிருந்தாலோ அங்கே நிறுத்துங்கள். தொட்டியின் கொள்ளளவைப் போல் இருமடங்கு நல்ல நீரை மெதுவாக ஊற்றி வடியவிட்டால் உப்பு பெரும்பாலும் கழுவப்பட்டுவிடும். மறுபடியும் படிந்தால் நீரே உப்பு. ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் பாசன நீர் வழிகாட்டியின்படி, நீரின் உப்பைக் காட்டும் மின்கடத்துத்திறன் மீட்டருக்கு 0.7 டெசிசீமென்ஸுக்குக் கீழே இருந்தால் தடையில்லை, 3-க்கு மேல் போனால் கடுமையான கட்டுப்பாடு தேவை; அதை அளக்கும் கையடக்கக் கருவி ஒன்று அணிக்குப் பொதுவாக இருந்தால் போதும். அளவு மிகுந்திருந்தால் மழைநீரைக் கலந்து ஊற்றுவதும், உப்பைத் தாங்காத அவரை, முள்ளங்கி ஆகியவற்றை விட்டுவிட்டு, அதைத் தாங்கும் பீட்ரூட் போன்றவற்றுக்கு மாறுவதுமே வழி.

## இலை சுருள்கின்றது, நெளிகின்றது

மிளகாயில் இலை மேல்நோக்கிப் படகுபோல் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கிச் சுருண்டு இலைக்காம்பு நீண்டால் மஞ்சள் சிலந்திப்பேன். ஒரு வெள்ளைத் தாளைக் கிளையின் அடியில் பிடித்துத் தட்டிப் பாருங்கள். விழுந்த புள்ளிகள் நகர்ந்தால் விடை கிடைத்துவிட்டது. தக்காளியில் இலை சிறுத்து, மேல்நோக்கிச் சுருண்டு, செடி குட்டையாகி, உலுக்கினால் வெள்ளை ஈ பறந்தால் அது பெரும்பாலும் நச்சுயிரி (வைரஸ்). அதற்கு மருந்து கிடையாது. அன்றே பிடுங்கி, உறையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். பூ நிற்கின்றதே என்று கற்பவர் தயங்குவார், அந்தத் தயக்கம் பக்கத்துச் செடிகளையும் கொண்டுபோய்விடும்.

### பூச்சியே இல்லை, ஆனாலும் பலருடைய அவரையும் தக்காளியும் ஒருசேர நெளிகின்றன

புதிய இலை பெரணி இலையைப்போல் முறுக்கிக்கொண்டு, கிண்ணம்போல் குவிந்து, நரம்புகள் இணையாக நெருங்கி நின்றால், எருவில் களைக்கொல்லி எச்சம் இருக்கின்றதா என்று ஐயுற வேண்டும். குளோபைராலிட், அமினோபைராலிட் போன்ற களைக்கொல்லிகள் தெளிக்கப்பட்ட புல்லைத் தின்ற மாட்டின் குடல் வழியாகவும், பிறகு உரக்குவியலின் வெப்பத்தின் வழியாகவும் அழியாமல் கடந்து வரக்கூடியவை. புல் இனங்களை அவை தொடுவதில்லை. ஆகவே அதே உரத்தில் சோளம் செழித்து நிற்க, அவரை மட்டும் முறுக்கிக்கொள்ளும். இயற்கை முறையில் விற்பவருக்கு இது விளைச்சல் இழப்போடு நிற்பதில்லை, சான்றிதழையும் பாதிக்கும்.

சோதனை எளிது. ஐயத்துக்குரிய உரத்தையும் தூய நாற்றங்கால் கலவையையும் சம அளவில் கலந்து மூன்று தொட்டிகளிலும், தூய கலவையை மட்டும் மூன்று தொட்டிகளிலும் இட்டு, ஒவ்வொன்றிலும் மூன்று அவரை விதைகளை ஊன்றுங்கள். முதல் தொட்டிகளின் நீர் இரண்டாம் தொட்டிகளுக்கு வடியாதபடி தள்ளி வையுங்கள். மூன்றாம் இலைக்கொத்து விரியும்வரை, அதாவது இரண்டு மூன்று வாரம், காத்திருங்கள். உரமிட்ட தொட்டிகளில் மட்டும் இலை நெளிந்தால் அந்த உரம் யாருக்கும் போகக் கூடாது. இனிமேல் எந்த வண்டி எரு வந்தாலும் அணிக்குப் பகிரும் முன் இந்தச் சோதனையைச் செய்வதைப் பயிற்சியின் ஒரு பாடமாகவே வைத்துவிடலாம். எச்சத்தின் அளவை எண்ணாக அறிய வேண்டிய கட்டாயம் வந்தால் மட்டும் ஆய்வகத்துக்குச் செல்லுங்கள், அது செலவு பிடிக்கும்.

## செடி தழைக்கின்றது, காய்க்கவில்லை

நிழலை முதலில் அளந்துவிடுங்கள். காலை 9, நண்பகல் 12, பிற்பகல் 3 மணிக்குப் பாத்தியில் வெயில் விழுகின்றதா என்று ஒரு நாள் குறித்தால் போதும். காய்க்கும் பயிர்களுக்கு நேரடி வெயில் 6 முதல் 8 மணி நேரம் வேண்டும். 3, 4 மணி நேரமே கிடைக்கும் இடத்தில் கீரையும் கொத்தமல்லியும் வரும், தக்காளி வராது. கைராசி இல்லை என்று தம்மை நொந்துகொள்பவர்களில் பலருக்கு இல்லாதது வெயில்தான்.

வெயில் போதுமென்றால் தழைச்சத்து மிகுதியைப் பாருங்கள்: இலை கரும்பச்சையாகத் தடித்து, பூ குறைவாக இருந்தால் உரத்தை நிறுத்துங்கள். பூ வந்து உதிர்ந்தால் வெப்பத்தைக் கேளுங்கள். தக்காளியில் பகல் 35 டிகிரியை ஒட்டியும் இரவு 24 டிகிரிக்குக் குறையாமலும் நின்றால் மகரந்தம் கெட்டுப் பூ கொட்டும், கான்கிரீட் மாடி இரவிலும் வெப்பத்தை உமிழும் என்பதால் தரையில் காய்க்கும் காலத்தில்கூட மாடியில் காய்க்காமல் போகலாம். தரையை வைக்கோல், சருகு போன்ற மூடாக்கால் மறைப்பதும் நடவுக் காலத்தை மாற்றுவதும் தவிர இதற்கு மருந்து இல்லை. பூசணி, வெள்ளரி வகைகளில் முதலில் வருபவை ஆண் பூக்கள். அவை உதிர்வது இயல்பு. அடியில் குட்டிக் காயோடு வரும் பெண் பூவும் மஞ்சளாகி உதிர்ந்தால் தேனீ வரவில்லை. காலை வேளையில் ஆண் பூவைப் பறித்து, இதழ் நீக்கி, பெண் பூவில் தடவச் சொல்லுங்கள்.

### காய்த்த தக்காளியின் அடி கறுத்து அமுங்குகின்றது

சுண்ணாம்புச்சத்து காய்க்குப் போய்ச் சேரவில்லை என்பது பொருள். முட்டையோட்டைத் தேடி ஓடும் முன், நீர் ஒருநாள் மிகுந்தும் இருநாள் காய்ந்தும் போகின்றதா என்று பாருங்கள். நாள்தோறும் ஒரே அளவு நீரும் மூடாக்கும் பெரும்பாலும் போதும்.

## பூச்சிக்குத் தெளித்தும் திரும்பத் திரும்ப வருகின்றது

தெளித்தது சரியா என்று பார்த்த பிறகே மருந்தை மாற்றுங்கள். பொட்டாசியம் சோப்பு, வேப்பெண்ணெய் ஆகிய இரண்டும் பூச்சியின் உடலில் பட்டால்தான் நன்றாக வேலை செய்யும். அசுவினியும் வெள்ளை ஈயும் இலையின் அடிப்புறத்தில் இருக்க, மேற்புறத்தை மட்டும் நனைத்துவிட்டு, மருந்தால் பயனில்லை என்று கற்பவர்கள் சொல்வார்கள். லிட்டர் நீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சோப்போடு குழைத்து, கலக்கிய அன்றே, வெயில் தாழ்ந்த பிறகு, முதலில் இரண்டொரு இலையில் சோதித்து, மறுநாள் கருகவில்லையென்றால் முழுவதும் தெளிக்க வேண்டும். முட்டை தப்பிவிடும் என்பதால் 5 முதல் 7 நாள் இடைவெளியில் இரண்டு முறையேனும் மீண்டும் தெளிக்க வேண்டும். துணி துவைக்கும் தூள் சோப்பாகாது.

சரியாகத் தெளித்தும் அசுவினி நீங்கவில்லையென்றால் எறும்பு வரிசையைத் தேடுங்கள். இனிப்புக் கழிவுக்காக எறும்பே அசுவினியைக் காவல் காக்கின்றது, தண்டில் ஒட்டும் பட்டை கட்டி எறும்பைத் தடுத்தால் பொறிவண்டு மீதியைப் பார்த்துக்கொள்ளும். வெயில் காலத்தில் மெல்லிய வலையோடு செம்பேன் வந்தால் தூசியைக் கழுவும்படி இலையடியில் நீரைப் பீய்ச்சுங்கள். கடையில் "இயற்கை" என்று எழுதி விற்கும் திரவம் எதையும், சான்றளிக்கும் அமைப்பின் அனுமதிப் பட்டியலில் பார்க்காமல் அணிக்குப் பரிந்துரைக்காதீர்கள். மூன்று சுற்றுக்குப் பிறகும் பரவினால் செடியின் மாதிரியைப் பயிர் நோய் ஆய்வுக்கு அனுப்புங்கள்.

பகலில் வாடி மாலையில் தேறுகின்ற செடியைப் பிடுங்கிப் பார்த்தால் வேரில் முடிச்சுகள் இருக்கலாம். அவரையின் வேர்முடிச்சு நகம் பட்டால் உதிர்ந்துவிடும், உடைத்தால் உள்ளே இளஞ்சிவப்பு, அது நல்லது. உதிராமல் வேரே வீங்கியதுபோல் இருந்தால் அது வேரைத் தாக்கும் நுண்ணிய நூற்புழு. அந்த மண்ணை வேறு யாருக்கும் கொடுக்காமல், ஈரமாக்கி, ஒளி புகும் பாலித்தீன் தாளால் கடும் வெயிலில் 4 முதல் 6 வாரம் மூடி வைக்க வேண்டும்.

## இடத்தின் மேலேயே ஐயம்

இந்தத் தலைப்பில் எளிய சோதனையோடு நிற்கக் கூடாது. தொழில் அறிந்தவரை முதலிலேயே அழைக்க வேண்டிய இடம் இதுதான்.

மாடியின் உட்கூரையில் ஈரத் திட்டோ விரிசலோ தெரிந்தால் பாத்திகளை அன்றே காலிசெய்து, கட்டமைப்புப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். நனைந்த தோட்டமண் கன மீட்டருக்கு 1,600 கிலோவைத் தாண்டும். 30 சென்டிமீட்டர் ஆழத்தில் நிரப்பிய பாத்தி ஒரு சதுர மீட்டரில் ஏறத்தாழ அரை டன் சுமையை வைக்கின்றது. பொறியாளர் வரும்வரை தொட்டிகளைத் தூண்களும் சுவர்களும் தாங்கும் ஓரங்களுக்கு நகர்த்தலாம், அதற்குமேல் நாமாக எதையும் முடிவு செய்யக் கூடாது.

வெற்று மனை பழைய பணிமனையாகவோ, பெருஞ்சாலையை ஒட்டியதாகவோ, பழைய வண்ணப்பூச்சு உதிர்ந்த கட்டடத்தின் அடியாகவோ இருந்தால் முதல் விதைக்கு முன் மண்ணில் ஈயத்தைச் சோதிக்க வேண்டும். சாலை வாகனங்களுக்கான ஈயம் கலந்த பெட்ரோலின் விற்பனை உலகில் 2021-இல்தான் முற்றாக ஓய்ந்தது. மண்ணில் படிந்த ஈயம் தானாகப் போவதில்லை. முடிவு வரும்வரை அடியில் தடுப்புத் துணி விரித்த மேட்டுப்பாத்தியில், வெளியிலிருந்து கொண்டுவந்த மண்ணில் மட்டும் பயிரிடலாம். ஈயத்தின் பெரும்பகுதி ஒட்டிய புழுதியின் வழியாகவே உடலுக்குள் போவதால், ஐயமுள்ள மண்ணில் கீரையும் கிழங்கும் கூடாது.

## அறுத்தது சந்தைக்குப் போவதற்குள் வாடிவிடுகின்றது

விளைவிக்கக் கற்றவர்கள் பணத்தை இழப்பது பெரும்பாலும் இந்தச் சில மணி நேரத்தில்தான். இலை வகைகள் தம் எடையில் சுமார் 5 விழுக்காடு நீரை இழந்தாலே வாடல் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

### வாடுகின்றது

எப்போது அறுத்தீர்கள் என்று கேளுங்கள். சூரியன் ஏறுவதற்கு முன் அறுத்த கட்டும் காலை பத்து மணிக்கு அறுத்த கட்டும் ஒரே நாளில் வேறுவேறு சரக்கு. அடுத்து, அறுத்த கூடை எங்கே இருந்தது என்று கேளுங்கள்; ஒவ்வொரு கட்டையும் கட்டிக் கட்டி வெயிலில் அடுக்கிவிட்டுக் கடைசியில் மொத்தமாக நிழலுக்குக் கொண்டுபோவது பரவலான பழக்கம். கூடையை நிழலுக்கு எடுத்துச் செல்ல ஒருவரும் அறுக்க ஒருவருமாகப் பிரித்துப் பழக்குங்கள். பிறகு குடிக்கத் தகுந்த குளிர்ந்த நீரில் சில நிமிடம் அமிழ்த்தி, நன்றாக உதறி வடியவிட்டு, ஈரத்துணியால் மூடி வைக்க வேண்டும். இவற்றையெல்லாம் செய்தும் வாடினால் மட்டுமே குளிர்சாதனத்துக்குச் செலவு செய்வதைப் பற்றி யோசியுங்கள்.

### அழுகுகின்றது, கறுக்கின்றது

வடியவிடாமல் நெகிழிப் பையில் இறுகக் கட்டியதா, அமிழ்த்தும் நீரை மாற்றாமலே நாள் முழுவதும் பயன்படுத்தியதா என்று பாருங்கள். ஒரு கெட்ட கட்டு அந்தத் தொட்டி நீரின் வழியாக எல்லாக் கட்டுகளையும் கெடுத்துவிடும். வெயிலில் சுட்ட தக்காளியை மிகக் குளிர்ந்த நீரில் போட்டால் காம்படி வழியாக அது நீரையும் கிருமியையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். வெள்ளரியையும் தக்காளியையும் 10 டிகிரிக்குக் கீழே வைத்தால் குளிர்க்காயம் படும். துளசி இனத்து பேசில் இலை அதைவிடச் சற்றுக் கூடுதலான வெப்பநிலையிலேயே கறுத்துவிடும். எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் வைப்பவர்களுக்கு இது வரும்.

### பச்சை மஞ்சளாகின்றது

பழுத்த தக்காளியோ வாழையோ மாம்பழமோ அதே பெட்டியில் இருக்கின்றதா என்று பாருங்கள். அவை விடும் எத்திலீன் வாயு கீரையை மஞ்சளாக்கும். பெட்டியைப் பிரித்தால் தீர்ந்தது.

மேற்கொண்டு, வாடிக்கையாளர் எவரேனும் சாப்பிட்டபின் உடல்நலம் குன்றியதாகச் சொன்னால் விற்பனையை நிறுத்தி, கழுவும் நீரை நுண்ணுயிர்ப் பரிசோதனைக்குக் கொடுங்கள். மக்காத பச்சை எருவை அறுவடைக்கு எத்தனை நாள் முன் இட்டார் என்பதையும் கேளுங்கள். அமெரிக்க இயற்கை வேளாண் விதி, மண்ணில் படும் விளைபொருளுக்கு 120 நாளும் மற்றவற்றுக்கு 90 நாளும் இடைவெளி கேட்கின்றது. வேறெங்கும் பயிரிடுபவருக்கும் அது பயனுள்ள குறைந்தபட்ச அளவுகோல்.

## ஒரு வாரம் குவிகின்றது, மறுவாரம் ஒன்றுமில்லை

விதைப்பு நாளேட்டைக் கேளுங்கள். ஏடே இல்லையென்றால் காரணம் கிடைத்துவிட்டது. இருந்தால், விதைப் பொட்டலம் முழுவதும் ஒரே நாளில் விதைக்கப்பட்டிருக்கும். முள்ளங்கியும் முளைக்கீரையும் ஏறத்தாழ 25 முதல் 30 நாளில் வருபவை; அவற்றை 7 அல்லது 10 நாளுக்கு ஒருமுறை சிறு பாத்தியாக விதைக்க வேண்டும். சந்தை நாளை முதலில் நாட்காட்டியில் குறித்து, அங்கிருந்து பின்னோக்கி எண்ணி விதைப்பு நாளைக் குறிக்கச் சொல்லுங்கள். ஏடு ஒழுங்காக இருந்தும் குவிந்தால், அணியில் எல்லோரும் ஒரே பயிரை ஒரே வாரத்தில் போட்டிருக்கின்றார்கள். இது பயிற்சித் திட்டத்தின் பிழை, எனவே பயிரை ஆளுக்கு ஆள் மாற்றிப் பிரிப்பது பயிற்சியாளரின் வேலை.

## "இயற்கை விளைபொருள்" என்று விற்க முடியவில்லை

வாங்குபவர் ஆதாரம் கேட்டு, கற்பவரிடம் காட்ட ஒன்றுமில்லையென்றால் முதலில் ஏடுகளைச் சீர்செய்யுங்கள்: விதை வாங்கிய சீட்டு, உரம் வந்த இடம், தெளித்தவை, பாத்திகளின் வரைபடம், அறுவடை அளவு. இவை இல்லாமல் எந்தச் சான்றும் கிடைக்காது. ஏடுகள் இருந்தால், உள்ளூரில் நேரடியாக விற்பவருக்கு, உழவர்களும் நுகர்வோரும் ஒருவரையொருவர் பார்வையிட்டு உறுதியளிக்கும் பங்கேற்பு உத்தரவாத முறை செலவு குறைந்தது. அதை வாங்குபவர் ஏற்கவில்லையென்றால் மட்டும் மூன்றாம் தரப்புச் சான்றிதழுக்குப் போங்கள்.

அங்கே போகும் முன் ஒன்றைச் சரிபார்த்தாக வேண்டும். ஐரோப்பிய ஒன்றிய விதிகளில், சில விலக்குகள் தவிர, பயிர் அடிமண்ணோடு தொடர்புள்ள உயிருள்ள மண்ணில் வளர வேண்டும். தொட்டியில் விளைந்த தக்காளிக்கு அங்கே இயற்கைச் சான்று கிடைக்காது, அமெரிக்காவிலோ தொட்டிப் பயிருக்கும் கிடைக்கின்றது. நிலம் இயற்கை முறைக்கு மாறும் காலமும் வேறுபடும்: அமெரிக்க விதியில் தடைசெய்யப்பட்ட பொருளைக் கடைசியாக இட்டதிலிருந்து அறுவடைக்கு 3 ஆண்டு, ஐரோப்பிய விதியில் ஓராண்டுப் பயிருக்கு விதைப்புக்கு முன் 2 ஆண்டு. ஆகவே மாடித்தோட்டம் அமைக்கப் பணம் செலவழிக்கும் முன்னரே, அந்தந்த இடத்துச் சான்றளிக்கும் அமைப்பிடம் தொட்டிப் பயிரைப் பற்றி எழுத்தில் கேட்டு வாங்கிவிட வேண்டும். சான்று கைக்கு வரும்வரை, என்னென்ன இட்டோம் என்பதை அட்டையில் எழுதிக் காட்டி விற்கலாம். விதி அனுமதிக்காத சொல்லை அட்டையில் எழுதக் கூடாது.

## விற்கின்றது, ஆனால் கையில் நிற்கவில்லை

ஒரு மாதத்துக்குப் பயிர்வாரியாக மூன்றை மட்டும் எழுதச் சொல்லுங்கள்: பிடித்த சதுர மீட்டர், பிடித்த வாரங்கள், வந்த வரவு. வரவைப் பரப்பாலும் வாரத்தாலும் வகுத்தால், விரும்பி வளர்த்த பயிர் கடைசியில் நிற்பதைப் பலரும் காண்பார்கள். மூன்று மாதம் இடம் பிடிக்கும் முட்டைக்கோஸ் நகரத்துச் சிறு இடத்தில் கீரையோடு போட்டியிட முடியாது. அதன் பிறகு உழைப்பு நேரத்தையும் எழுதச் சொல்லுங்கள்; கழுவிக் கட்டுவதற்கு ஆகும் நேரம் வளர்ப்பதற்கு ஆகும் நேரத்தைத் தாண்டியிருந்தால், கட்டாமல் எடை போட்டு விற்கக்கூடிய பயிருக்கு மாறலாம், அல்லது அணியாகச் சேர்ந்து கழுவும் மேடையைப் பொதுவாக அமைக்கலாம். இந்த ஏட்டை இரண்டு பருவம் வைத்திருந்தும் வரவு செலவைத் தாண்டாதவருக்கு, கடன் வாங்கி இடத்தை விரிக்க வேண்டாம் என்று பயிற்சியாளர் நேராகச் சொல்லிவிட வேண்டும். கடன் ஏற்கெனவே வாங்கியிருந்தால் அந்த ஏட்டோடு ஒரு கணக்காளரைப் பார்க்க அனுப்புங்கள்.